வியட்நாம் நாட்குறிப்பு: பூஜ்யமும் பைக்கும்

ஞாயிறு, ஹனோய்

நோய் பாய் விமான நிலையத்தில் குடிநுழைவு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தை அதிகாரி ஓரமாகப் போய் உட்காரச் சொல்லிவிட்டார். இ-விசாவில் மகளின் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்ததாம். அப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை. எங்கள் முறை வந்தபோதும் அவர்கள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

வியட்நாம் விசா வாங்குவது சுலபம். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் இருப்பதும் விசாவில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நமக்குப் பெயர்தான் வம்பு. இனிஷியலை விரித்து, அப்பா பெயரைப் பின்னால் போட்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி வைத்திருப்போம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி அச்சடித்திருக்கும். அதில் உள்ளபடியே நிரப்பிவிட்டால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, தேடினால் விசா தளங்கள் என்று பத்துப் பதினைந்து வரும். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி.விஎன்' என்று முடியும். மற்றதெல்லாம் ஏஜென்டுகள், அதே விசாவுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குவார்கள்.

நாங்கள் மூன்று பேர். பெரியப்பா மகன் அண்ணன், வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி சுத்த சைவம். அப்புறம் நான்.

வெளியே வந்ததும் கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் "கிராப், கிராப்" என்று கூவிக்கொண்டே வந்தார்கள். கிராப் வண்டி ஆப்பில் கூப்பிட்டால்தான் வரும். அதன் ஓட்டுநர் வந்து கூவ மாட்டார். ஆப்பில் காட்டும் நம்பர் பிளேட்டும் வண்டியின் நம்பர் பிளேட்டும் ஒன்றா என்று பார்த்த பிறகு ஏறுங்கள். ஸான் எஸ்.எம். என்ற மின்சார டாக்சியும் நன்றாக இருக்கிறது, நீலப்பச்சை நிறம், தூரத்திலேயே தெரியும். பெட்டி குறைவாக இருந்தால் 86-ஆம் எண் பேருந்து நேராகப் பழைய நகரத்துப் பக்கம் கொண்டுபோய் விடும்.

விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டவர் தங்கினால் போலீஸில் பதிய வேண்டும் என்பது சட்டம், அதனால் பயப்பட வேண்டாம். பதிந்து முடித்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

திங்கள், ஹனோய்

இன்று பணப் பாடம்.

ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டோங். ஏ.டி.எம்.மில் 20 லட்சம் எடுத்தபோது அண்ணன் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கணக்கு இப்படி: கடைசி மூன்று பூஜ்யத்தை மறந்துவிடுங்கள், மிச்சத்தைப் பத்தால் பெருக்கி மூன்றால் வகுங்கள். ஒரு லட்சம் டோங் என்றால் முந்நூற்று முப்பது ரூபாய் சொச்சம். கடைக்காரர்களும் அந்த மூன்று பூஜ்யத்தைச் சொல்வதில்லை. "ஐம்பது" என்றால் ஐம்பதாயிரம்.

கலக்குவது நோட்டுகளின் நிறம். 20 ஆயிரமும் நீலம், 5 லட்சமும் நீலம். பகலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரவில், டாக்சிக்குள், பின்னால் ஹாரன் அடிக்கும்போது தெரியாது. மாற்றிக் கொடுத்துவிட்டால் ஆயிரத்து அறுநூறு ரூபாய் போச்சு. எல்லா நோட்டிலும் முன்பக்கம் அவர்கள் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்தான், அதனால் முகத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அண்ணன் பின்பக்கத்தை வைத்துப் பிரித்தார். 20 ஆயிரத்தின் பின்னால் ஹோய் ஆன் ஊரின் கூரை போட்ட பாலம். 5 லட்சத்தின் பின்னால் ஹோ சி மின் வளர்ந்த ஓலைக் கூரை வீடு. "பாலம் சின்னப் பணம், வீடு பெரிய பணம்" என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு தன் கேஷியர் பழக்கப்படி 1 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஒரு ரப்பர் பேண்டு, கீழே உள்ளவற்றுக்கு இன்னொன்று. பெரிய கட்டு உள்பையில், சின்னக் கட்டு சட்டைப்பையில். தெருவில் சட்டைப்பைக் கட்டு மட்டும்தான் வெளியே வரும். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இந்திய ரூபாயைக் கொண்டுபோய் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், வாங்க ஆள் கிடைப்பது அரிது. கசங்காத, கிறுக்கல் இல்லாத டாலர் நோட்டுகள் கொண்டுபோங்கள். ஓரம் கிழிந்திருந்தால் வாங்க மாட்டேன் என்பார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். பழைய நகரத்தை ஒட்டிய ஹா சுங் தெரு நகைக்கடைகளில் நல்ல விலை தருகிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உரிமம் இல்லாத கடையில் அந்நியச் செலாவணி மாற்றுவது சட்டப்படி குற்றம் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். 2018-ல் கன் தோ நகரில் நகைக்கடையில் வெறும் 100 டாலர் மாற்றிய உள்ளூர்க்காரர் ஒருவருக்கு 9 கோடி டோங் அபராதம் போட்டு, அது நாடு முழுக்கப் பேச்சானது. சில நூறு ரூபாய் லாபத்துக்கு இது தேவையா? வங்கிக்குப் போங்கள்.

தள்ளுவண்டி வரைக்கும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. நம்ம ஊர் ஞாபகத்தில் போனை நீட்டத் தோன்றும். அது பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது. எங்கள் ஆப்பில் வேலை செய்யவில்லை. கையில் ரொக்கம் இல்லாமல் தெருச் சாப்பாடு கிடையாது. டிப்ஸ் கட்டாயம் இல்லை. சுற்றுலா வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள், ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் கடையில் கொடுத்தால் மீதிச் சில்லறையை மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள்.

சாயங்காலம் ஹோவான் கியம் ஏரிப் பக்கம் நடந்தோம். தோளில் காவடியாகக் கூடை தூக்கிய பெண் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து அந்தக் கழியை அண்ணியின் தோளில் வைக்கப் பார்த்தார். தோளில் ஏறினால் போட்டோ, போட்டோ எடுத்தால் ஒரு சீப்பு வாழைப்பழம், அதற்கு நாலு மடங்கு விலை. அண்ணி கையை ஆட்டிவிட்டு நடந்தார், அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விட்டார். செருப்பைக் காட்டி "பிய்ந்திருக்கிறது" என்று சொல்லி, நாம் வாய் திறப்பதற்குள் பசை தடவ ஆரம்பிக்கிற பையன்களும் உண்டு. நிற்காமல் நடப்பதுதான் வழி. இதெல்லாம் சில்லறை ஏமாற்று. இதற்காக ஊரையே சந்தேகப்பட வேண்டியதில்லை.

செவ்வாய், ஹனோய்

ஹோ சி மின் நினைவிடத்துக்குக் காலையிலேயே போனோம். திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் காலையில் மட்டும்தான். வருடத்தில் சில வாரங்கள் பராமரிப்புக்கு என்று மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் தெரியும் டவுசர், கையில்லாத சட்டை கூடாது. உள்ளே பேசக் கூடாது, போட்டோ கூடாது, பையில் கை விடக் கூடாது, கையைக் கட்டிக்கொள்ளவும் கூடாது. கையைக் கட்டி நிற்பது நமக்கு மரியாதை, அங்கே காவலர் வந்து இறக்கிவிடச் சொல்கிறார். அண்ணனுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. உள்ளூர்க் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்கிறார்கள். உங்கள் அரசியல் எதுவாக இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

வெளியே சீருடைக்காரர்களைப் படம் எடுக்காதீர்கள். போலீஸ், ராணுவக் கட்டடம், சோதனைச் சாவடி எதையுமே.

அப்புறம் இலக்கியக் கோயில். 1070-ல் கட்டியது, ஒரு லட்சம் டோங் நோட்டின் பின்னால் இருப்பது இதுதான். தேர்வில் வென்ற அறிஞர்களின் பெயர் பொறித்த 82 கல்வெட்டுகளைக் கல் ஆமைகள் சுமக்கின்றன. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் ஆமைத் தலையைத் தடவித் தடவியே தேய்த்துவிட்டதால் இப்போது தடுப்பு போட்டிருக்கிறார்கள். தடுப்புக்கு மேலே கையை நீட்டித் தடவிய ஒரு சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்தோம். நம்மவர்கள்தான். இங்கே எந்தக் கோயிலிலும் வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும். அதை அண்ணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம்: சாலையைக் கடப்பது. சென்னையில் கடந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று நானும் நினைக்கக்கூடியவன்தான், ஆனால் நம்ம முறை இங்கே ஆபத்து. நாம் இடைவெளி பார்த்துக் காத்திருப்போம், கையைக் காட்டிக்கொண்டு ஓடுவோம், பாதியில் பயந்து பின்வாங்குவோம். ஹனோயில் இடைவெளி வரவே வராது. ஓடினாலும் பின்வாங்கினாலும் பைக்காரனின் கணக்கு தப்பிவிடும். திருவாரூர்த் தேர் மாதிரி நகர வேண்டும்: மெதுவாக, ஒரே வேகத்தில், பின்னால் போகாமல். பைக்குகள் நம்மைப் பார்த்து முன்னாலும் பின்னாலும் வளைந்து போய்விடும். கார், பேருந்து வளையாது. அவை வந்தால் வழிவிடுங்கள். அண்ணி முதல் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மத்தியானத்துக்குள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு கடக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

தண்டவாளத்தை ஒட்டிக் காபி குடிக்கும் 'ரயில் தெரு' பற்றிக் கேட்டிருப்பீர்கள். போலீஸ் பலமுறை அடைத்த இடம் அது. 2022-ல் கடைகளின் உரிமத்தையே ரத்து செய்தார்கள். அப்படியும் கடைக்காரர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து ஆளைக் கூட்டிப் போகிறார்கள். நாங்கள் போகவில்லை. ரயிலுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து குடிக்கிற அளவுக்கு எந்தக் காபியும் இல்லை. ஹனோயில் பேர்போன முட்டைக் காபி உட்பட.

புதன், ஹா லாங்

ஹா லாங் விரிகுடாவுக்கு ஹனோயிலிருந்து போய்த் திரும்பும் ஒருநாள் படகுப் பயணம். அழகைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2025 ஜூலையில் இதே விரிகுடாவில் திடீரென அடித்த காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். வானிலை சரியில்லை என்று துறைமுகம் படகை நிறுத்தினால் காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். ஏறியதும் உயிர்காப்பு உடுப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கதவு வெளியே திறக்கிறது என்று பாருங்கள். எங்கள் படகில் உடுப்புகள் இருக்கைக்கு அடியில் கயிற்றால் கட்டிக் கிடந்தன. அண்ணன் அவிழ்த்துத் தரச் சொல்லிக் கேட்டார். பணியாளர் சிரித்துக்கொண்டே அவிழ்த்தார்.

வியாழன், ஹுவே

விமானத்தில் வந்தோம். மன்னர்களின் பழைய தலைநகரம் இது. அரண்மனை பெரிது, வெயில் அதைவிடப் பெரிது.

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறும் முன் விலையைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பூஜ்யம், ஆளுக்கா வண்டிக்கா, போகவா போய்வரவா, மூன்றும் தெளிவாக வேண்டும். "நூற்றைம்பது" என்று ஏறி, இறங்கும்போது "அது ஒரு ஆளுக்கு" என்று முடிவதுதான் வழக்கமான தகராறு. தகராறு வந்தால் குரலை உயர்த்தாதீர்கள். நாலு பேர் முன்னால் கத்தினால் எதிராளிக்கு மானப் பிரச்சினையாகிவிடும், அதற்குப் பிறகு நியாயம் பேசவே முடியாது. சிரித்த முகத்தோடு, அந்தத் தாளைக் காட்டி, அசையாமல் நின்றால் பெரும்பாலும் இறங்கி வந்துவிடுகிறார்கள்.

இங்கிருந்து வடக்கே குவாங் சி மாகாணத்துக்குப் போர்க்களங்களைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. அந்த மண்ணில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. பாதையை விட்டு ஒதுங்கி ஒன்றுக்குக்கூடப் போகாதீர்கள். கீழே கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் தொடாதீர்கள்.

வெள்ளி, டா நாங் வழியாக ஹோய் ஆன்

ஹுவேயிலிருந்து டா நாங் வரை ரயில், சுமார் 100 கிலோமீட்டர். ஹாய் வான் கணவாயைச் சுற்றி மலைக்கும் கடலுக்கும் நடுவே போகிறது. தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே கணவாயை வாடகை பைக்கில் ஏறுவதுதான் இளைஞர்களின் கனவு. இந்தப் பயணத்தில் நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியானது. வியட்நாம் ஏற்றுக்கொண்டிருப்பது 1968 வியன்னா உடன்படிக்கையை. ஆக, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காசு கட்டி வாங்கிய அந்தப் புத்தகம் இங்கே செல்லாது. வாடகைக் கடைக்காரர் கேட்கவே மாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். போலீஸ் பிடித்தால் அபராதமும் வண்டி பறிமுதலும். அதைவிடப் பெரிய சிக்கல், விபத்தானால் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்று பயணக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும்போதுதான் இது தெரியவரும். காற்று வாங்கிக்கொண்டு போக ஆசையென்றால் ஓட்டுநரோடு பைக் அமர்த்திப் பின்னால் உட்காருங்கள், ஊருக்குள் கிராப் பைக் இருக்கிறது. ஹெல்மெட் அவர்களே தருவார்கள், பின்னால் உட்காருபவருக்கும் 2007 முதல் கட்டாயம். வாடகைக்கு எது எடுத்தாலும் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். பீர் குடித்துவிட்டு ஓட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். இங்கே அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம்.

இன்று அவர்கள் நாட்காட்டியில் பௌர்ணமிக்கு முந்தின நாள். ஹோய் ஆன் பழைய ஊரில் மின்விளக்குகளைக் குறைத்து விளக்குக் கூண்டுகளை ஏற்றுகிறார்கள். ஆற்றில் மிதக்கவிட விளக்கு விற்கும் பிள்ளைகள் விடமாட்டார்கள், பேரம் பேசி ஒன்று வாங்கிவிட்டால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள். பழைய வீடுகளுக்குள் போக ஒரு சீட்டு, வெளிநாட்டவருக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், ஐந்து இடங்களுக்குச் செல்லும். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

சனி, ஹோய் ஆன்

காலை ஏழரைக்குச் சந்தைக்குப் போனோம். ஒரு பட்டுத் துணிக் கடையில் எங்களுக்கு முன்னாலேயே ஒரு ஜோடி நின்றது. எட்டுப் பத்துச் சால்வைகளை விரித்துப் போட்டு, விலையைப் பாதிக்கும் கீழே கேட்டு, கடைக்காரம்மா இறங்கி வந்த பிறகும் "வேண்டாம்" என்று நடந்துவிட்டார்கள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளைக் கொளுத்தி, கடை வாசலிலும் விரித்துப் போட்ட துணிகளுக்கு மேலேயும் சுற்றிக் காட்டிவிட்டுக் கீழே போட்டார். ஜோடிக்கு எதுவும் புரியவில்லை, அதைப் போட்டோகூட எடுத்தார்கள்.

அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. "போணி ஆகலைங்க அவங்களுக்கு" என்றார். அதேதான். நாளின் முதல் வாடிக்கையாளர் வெறுங்கையோடு போனால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் விடியாது என்று நம்புகிறார்கள், தாள் கொளுத்துவது அந்தப் பீடையைக் கழிக்க. ஆகவே காலையில் முதல் ஆளாகப் போய்ச் சும்மா விலை விசாரிக்காதீர்கள். வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும் போங்கள், அப்போது போணிக்காக விலையும் கொஞ்சம் இறங்கும். அண்ணி ஒரு சாம்பல் நிறச் சால்வையை எடுத்தார், ஒரே ஒரு முறை குறைத்துக் கேட்டார், வாங்கிவிட்டார். பணத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி, நோட்டால் மற்ற துணிகளை ஒரு தட்டுத் தட்டினார்.

பேரம் பேசுவதில் தப்பில்லை, எதிர்பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இருபது ரூபாய்க்காகக் கால் மணி நேரம் நின்று, கால்குலேட்டரைப் பிடுங்கி எண்ணைத் தட்டி, கடைசியில் வாங்காமல் போகும் நம்மவர்களைக் கண்டால் சில கடைகளில் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று பௌர்ணமி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுகிறார்கள், வழக்கமாக இறைச்சி விற்கும் கடைகள்கூடச் சில சைவம் போடுகின்றன. சைவக் கடைப் பலகையில் 'ச்சாய்' என்று இருக்கும், அந்த ஒரு சொல் போதும். மற்றக் கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை, காய்கறியையும் மீன் சாற்றில்தான் வதக்குவார்கள். அண்ணி ச்சாய் கடை தவிர வேறெங்கும் கை நனைப்பதில்லை. டோஃபுவும் காளானும் வைத்துக் கறி மாதிரியே செய்திருந்த ஒரு தட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு தடவை விசாரித்த பிறகுதான் சாப்பிட்டார்.

சாப்பாட்டு மேசை பற்றிச் சில. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது செத்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவது போலிருக்கிறதாம். மேசையில் இருக்கும் ஈரத் துண்டுப் பொட்டலம், வேர்க்கடலை எல்லாம் இலவசமில்லை, பிரித்தால் பில்லில் வரும். சில ஆயிரம் டோங்தான், இதற்காகப் பல்லைக் கடிக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். ஐஸ் நடுவில் ஓட்டையுள்ள உருளையாக இருந்தால் தொழிற்சாலையில் செய்தது, அதைத் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம்.

பரிமாறிய பெண் அண்ணனிடம் எடுத்த எடுப்பில் வயதைக் கேட்டார். துருவுகிறார் என்று நினைக்க வேண்டாம். அண்ணனா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று முடிவு செய்யாமல் அவர்களால் ஒரு வாக்கியம் பேச முடியாது.

ஞாயிறு, மீ சன், டா நாங்

நாலாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசின் மன்னன் பத்ரவர்மன் பத்ரேசுவரர் என்று சிவனுக்குக் கோயில் எடுத்த பள்ளத்தாக்கு இது. ஒன்பதரைக்கு மேல் வெயில் தாங்காது, விடியலிலேயே வந்துவிடுங்கள். 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் தரைமட்டமானது. புல்லுக்கு நடுவே தெரியும் வட்டப் பள்ளங்கள் குண்டு விழுந்த இடங்கள். குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று இங்கேயும் சொல்கிறார்கள், காரணத்தை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

நம் தொல்லியல் துறை இங்கே சில ஆண்டுகள் சீரமைப்பு வேலை பார்த்தது. 2020-ல் அவர்கள் தோண்டியபோது ஒற்றைக் கல்லில் செய்த லிங்கம் ஒன்று கிடைத்தது. லிங்கத்தைப் பார்த்ததும் நம்மவர்களுக்குக் கை பரபரக்கும்: தொட்டுக் கும்பிட, தண்ணீர் ஊற்ற, பூ வைக்க. தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செங்கல்லும் மணற்கல்லும் ஏற்கெனவே போதுமான அளவு பட்டுவிட்டன.

வார இறுதி என்பதால் இரவு ஒன்பது மணிக்கு டா நாங் டிராகன் பாலம் நெருப்பையும் தண்ணீரையும் துப்பியது. தலைக்கு நேர் கீழே நின்றால் தெப்பலாக நனைவீர்கள், போனுக்கு ஒரு பிளாஸ்டிக் பை வேண்டும்.

திங்கள், சைகோன்

பெயர் ஹோ சி மின் நகரம். பேச்சில் எல்லோருக்கும் சைகோன்தான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

உள்நாட்டு விமானங்கள் பல 2025-ல் திறந்த மூன்றாம் முனையத்துக்கு வருகின்றன. வெளிநாட்டு முனையம் வேறு, இரண்டுக்கும் நடுவே தூரம் இருக்கிறது. ஒரே நாளில் இறங்கி ஏறுபவர்கள் நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள்.

ஹனோயில் நான் சொன்ன சில்லறை ஏமாற்றெல்லாம் இங்கே சின்ன விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது பறிப்பு. இரண்டு பேர் பைக்கில் வருவார்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவன் போனைப் பறிப்பான், மூன்று நொடியில் போக்குவரத்தில் கலந்துவிடுவார்கள். நடைபாதை ஓரத்தில் நின்று போனில் மேப் பார்ப்பவர்கள்தான் அவர்கள் குறி. கிராப் கூப்பிடுவதென்றால் ஒரு கடைக்குள் போய் நின்று கூப்பிடுங்கள், வண்டி வந்த பிறகு வெளியே வாருங்கள். கைப்பை சுவர்ப் பக்கத் தோளில் இருக்கட்டும். வாரைக் குறுக்காக மாட்டுவது நல்லதா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம். பறிப்பது கடினம் என்றார் அண்ணன், பறித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவான் என்றார் அண்ணி. எனக்கு அண்ணி சொல்வதுதான் சரியாகப் படுகிறது. பையே இல்லாமல் போவது அதைவிடச் சரி. கழுத்துச் சங்கிலியை விடுதியில் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னபோது மட்டும் அண்ணி சம்மதிக்கவில்லை, தாலிக்கொடி. அப்புறம் ரவிக்கைக்குள் போட்டுக் கழுத்தைச் சுற்றிச் சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

பறித்துவிட்டால் துரத்தாதீர்கள். போலீஸ் 113, தீயணைப்பு 114, ஆம்புலன்ஸ் 115. ஆங்கிலம் பேசுவார்கள் என்று நம்ப முடியாது, விடுதிக்காரரை விட்டுப் பேசச் சொல்வது நல்லது. காப்பீட்டுக்குப் போலீஸ் தரும் எழுத்து வேண்டும். பாஸ்போர்ட் போனால் ஹனோயில் நம் தூதரகம், இங்கே துணைத் தூதரகம்.

மின்சிகரெட் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், 2025 முதல் தடை.

செவ்வாய், சைகோன்

பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில், சுவோங் டின் தெருவில், மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. பிரெஞ்சு ஆட்சியில் செட்டியார்கள் இந்த ஊரில் வட்டித் தொழிலில் கொடிகட்டிப் பறந்த காலம். இப்போது கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். கொத்துக் கொத்தாக ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். கருவறைக்குப் பின்னால் உள்ள கல் சுவரில் நெற்றியையும் உள்ளங்கைகளையும் வைத்து வேண்டுதலை மெதுவாகச் சொல்கிறார்கள். "இப்படி ஒரு வழக்கம் நம்ம ஊரில் இல்லையே" என்று அண்ணன் முணுமுணுத்தார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரிசையில் போய் நின்று தானும் நெற்றியை வைத்துவிட்டு வந்தார். வாசலில் பூவும் ஊதுபத்தியும் கையில் திணிப்பவர்களிடம் விலை கேட்காமல் வாங்காதீர்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

போர் நினைவு அருங்காட்சியகம் போனோம். அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. அங்கே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளை மேல் மாடிப் புகைப்படங்களுக்குக் கூட்டிப் போகாதீர்கள். வியட்நாமியர்களிடம் போரைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

புதன், விமான நிலையம்

டோங்கை நம்ம ஊரில் மாற்றுவது பெரும்பாடு, இங்கேயே செலவழித்துவிடுங்கள். அண்ணனின் சின்னக் கட்டில் கடைசியாக இருந்ததை விடுதிக் கணக்கில் கட்டிவிட்டு மீதியைக் கார்டில் போட்டோம். திரும்ப டாலராக்க வேண்டும் என்றால் வங்கி ரசீது கேட்பார்கள், முதல் நாளே அதைப் பத்திரப்படுத்துங்கள். 5,000 டாலருக்கு மேலோ 1 கோடியே 50 லட்சம் டோங்குக்கு மேலோ கையில் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

வரி திரும்பக் கிடைக்கும் கவுன்டர் ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற கடையில் ஒரே நாளில் 20 லட்சம் டோங்குக்கு மேல் வாங்கியிருந்தால், கட்டிய வரியில் 85 சதவீதம் கிடைக்கும். பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன்பே பொருளையும் பில்லையும் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டி உள்ளே போய்விட்டால் அவ்வளவுதான். அண்ணி சால்வையை எடுத்து நீட்டினார். சந்தைக் கடையில் பில் ஏது? "பில் கேட்டிருந்தா அந்த அம்மா இன்னொரு தாளைக் கொளுத்தியிருக்கும்" என்றார் அண்ணன்.